நண்பர்களைக் கேட்ட தமிழர்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் நின்று நோக்கினால், ஒருபுறம் சிறுமலையும் மறுபுறம் கொடைக்கானல் மலைத்தொடரும் தென்படும். இடையே விரிந்த சமவெளியில் இருப்புப்பாதை ஒன்று செல்கிறது. திருநெல்வேலிச் சீமையாரைச் சென்னைக்குச் சுமந்து செல்லும் பழைய பாதை அது. அச்சீமையில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, பின்னர் கடல் கடந்து சென்ற ஒருவரைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ஆம் ஆண்டில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்ற உழைத்தார். இந்தியர் தம் பொருளைக் கொண்டு, தம்மவரையே திருப்பணிக்கு அனுப்ப வேண்டும் என்பது அச்சங்கத்தின் கொள்கை.

1910-ஆம் ஆண்டு ஜூன் 14 முதல் 23 வரை ஸ்காத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அந்நகரமும் நம் ஊரைப் போலவே பாறைக் கோட்டையின் அடியில் வளர்ந்ததுதான். ஆயினும் அன்றே ஏறத்தாழ மூன்று லட்சம் மக்கள் வாழ்ந்த பெருநகரம் அது. டிராம் வண்டிகளும் புகைவண்டிகளும் ஓயாது இரைந்த ஊர். மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகள் சுமார் 1,200 பேர். அவர்களுள் ஆசிய நாட்டினர் இருபதுக்கும் குறைவு.

அத்தகைய சபையில் முப்பத்தைந்து வயது விருந்தினர் ஒருவர் என்ன பேசுவார்? நன்றி கூறி அமர்ந்துவிடுவது எளிது. அசரியாவும் நன்றி கூறினார். அயல்நாட்டு ஊழியர்களின் தியாகத்தை மனமுவந்து போற்றினார். ஆனால் அத்துடன் நிறுத்தவில்லை. உடன் உழைக்கும் இந்தியரைச் சமமாக வீட்டுக்கு அழைத்து விருந்தளிப்போர் எத்தனை பேர் என்ற வினாவை எழுப்பினார். தியாகமும் பொருளும் தந்தீர்கள். இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்னும் கருத்துடன் உரையை முடித்தார்.

இக்குறை ஏன் நேர்ந்தது? பணமும் அதிகாரமும் மிஷனரிகளிடம் இருந்தன. இந்திய ஊழியரோ அவர்களிடம் ஊதியம் பெற்றனர். எசமானுக்கும் பணியாளுக்கும் இடையே நன்றி வளரலாம், பணிவு வளரலாம். நட்பு வளர்வது அரிது.

அவ்வுரை சிலருக்குக் கசந்தது. ஆயினும் காலம் அதனை மறக்கவில்லை. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அசரியா தோர்ணக்கல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. 1919-இல் தரங்கம்பாடியில் சபைகளின் ஒற்றுமைக்காகக் கூடியவர்களுள்ளும் முன்நின்றார். 1945 ஜனவரி முதல் நாள் அவர் மறைந்தார். 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1835 முதல் திண்டுக்கல்லில் பணிபுரிந்த அமெரிக்க மிஷனின் வழிவந்த சபைகளும் அதில் இணைந்தன.

இவ்வுரையை நான் முதன்முறை படித்தபோது ஒரு நினைவு என்னைச் சுட்டது. இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஏழை மாணவன் ஒருவனுக்கு ஆண்டுதோறும் நோட்டுப் புத்தகங்கள் வாங்கித் தந்தேன். அவன் திண்ணையோரம் நின்றபடியே பெற்றுச் செல்வான். ஒருமுறையேனும் அவனை உள்ளே அழைத்து உட்காரச் சொன்னதில்லை. என் கொடையைப் பெரிதாக எண்ணியிருந்தேன். அவன் நின்றுகொண்டிருந்ததை எண்ணவே இல்லை.

மாணவ நண்பர்களே, நீங்கள் நாளை கற்றுத் தேர்ந்து பிறருக்கு உதவும் நிலையை அடைவீர்கள். அப்பொழுது, கொடுக்கும் கையோடு அமர இடமும் அளியுங்கள்.