புகைச் சோதனையில் தேறாத டீசல் ஜீப்

தோட்டத்துக் காய்கறியைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் பழைய டீசல் ஜீப் புகைச் சோதனையில் தேறவில்லை என்றதும், இன்ஜினைப் பிரித்துவிடுவோர் உண்டு. அந்தச் செலவுக்கு முன் புகையின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். கறுப்புப் புகை என்றால், செல்லும் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்று பொருள்.

இதற்கு முதலில் ஏர் கிளீனரைத் திறந்து பார்ப்பது நலம். களத்துத் தூசியிலும் மண் பாதையிலும் ஓடும் வண்டியில் இது விரைவில் அடைத்துக்கொள்ளும். ஆயில் கிண்ணம் உள்ள வகையானால், அடியில் படிந்த சேற்றை டீசலில் கழுவி, குறியிட்ட அளவு வரை மட்டும் புதிய ஆயில் ஊற்ற வேண்டும். மிஞ்சினால் அந்த ஆயிலே உள்ளே இழுக்கப்பட்டு எரியும். காகித வடிகட்டியைக் கழுவக் கூடாது, மாற்றிவிட வேண்டும்.

பிறகும் புகை குறையாவிட்டால் நாசில்களைக் கழற்றிச் சோதிக்கச் சொல்ல வேண்டும். டீசல் பனிபோல் சிதறாமல் சொட்டினால் அரைகுறையாகவே எரியும். இழுவை கூடும் என்று பம்ப் சீலை உடைத்து டீசலைக் கூட்டி வைக்கும் பழக்கமும் உண்டு. டீசல் வீணாவதுதான் மிச்சம். பம்ப் கடையில் அளவைத் திருத்தி, மீண்டும் சீல் வைப்பது அவசியம்.

சோதனையில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் புகையை அளப்பார்கள். பாரத் ஸ்டேஜ் 4-க்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு உச்ச வரம்பு. குளிர்ந்த இன்ஜின் கூடுதலாகப் புகையும். ஆகவே சற்றுத் தொலைவு ஓட்டிச் சூடேறிய பின்னரே வண்டியைச் சோதனைக்கு விட வேண்டும்.