சேது மார்க்கம் – 9: மலையில்லாச் சீமையின் மலைகள்

கோடை பிறந்துவிட்டபடியால் இந்த இதழில் எழுதுகிறவர்கள் அனைவரும் மலைகளைப் பற்றியே எழுத வேண்டும் என்று ஆசிரியர் தீர்மானித்துவிட்டார். கொடைக்கானலுக்கு ஒருவரும் கொல்லிமலைக்கு ஒருவரும் கம்பளியோடு புறப்பட்டுவிட்ட பிறகு, சில வாரங்களாகச் சேதுக் கரையை ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும் எனக்கும் அதே ஆக்ஞை வந்து சேர்ந்தது. பனையும் உடையும் சீமைக்கருவேலுமாகக் கண்ணுக்கெட்டிய மட்டும் சமதரையாகக் கிடக்கும் இராமநாதபுரச் சீமையில் மலைக்கு எங்கே போவது? போவதற்கு ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது. இராமேசுவரத்தில் கோயிலுக்கு வடமேற்கே, தீவிலேயே உயரமான இடம் என்று பெயர் பெற்று, கந்தமாதன பர்வதம் என்னும் கம்பீரமான திருநாமத்தோடு ஒரு மணல்மேடு இருக்கிறது. பர்வதம் என்று பெரியோர் சொல்லியிருக்கும்போது மேடு என்று நான் சொல்வது அபசாரம். ஆகவே பர்வத யாத்திரையாகவே பாவித்து, இராமநாதபுரத்திலிருந்து காலை பஸ்ஸைப் பிடிக்கத் தீர்மானித்தேன்.

பஸ் ஏறுமுன் கொஞ்சம் அவகாசம் இருந்தது. பெரிய கண்மாய்க் கரை வரை போய் நின்றேன். கோடையாதலால் நடுவிலே மட்டும் சிறிது நீர் மினுங்க, சுற்றிலும் சேறு வெடித்துக் கிடந்தது. இந்தச் சிறிது நீரும் இந்த மண்ணின் நீரன்று என்பது வெளியூர்க்காரர்களுக்கு எளிதில் தோன்றாது. மேற்கே வருசநாட்டு மலைகளில் பிறந்து, தேனிச் சீமையைக் கடந்து, மதுரையில் அழகர் இறங்குவதற்கு இடம் கொடுத்து, மானாமதுரையையும் பரமக்குடியையும் நனைத்துவிட்டு, வழிநெடுக எத்தனையோ கண்மாய்கள் பங்கு கொண்டது போக மிஞ்சிய வையை நீர்தான் கடைசியாக இந்தப் பெரிய கண்மாயில் வந்து தங்குகிறது. அதற்கும் மிஞ்சிய ஆண்டுகளில்தான் ஆற்றங்கரை என்ற ஊரருகே சமுத்திரத்தைப் பார்க்கிறது. கடலுக்குப் போகாத ஆறு என்று வையையைப் புலவர்கள் போற்றியதும் கடைமடைக்காரர்கள் நொந்துகொண்டதும் ஒரே காரணத்தால்தான்.

மலையிலே மழை பெய்யாவிட்டால் தங்கள் அடுப்பு எரியாது என்பதை இந்தச் சமதரை மனிதர்கள் அறிந்திருந்த அளவுக்கு மலையடிவாரத்தில் இருந்தவர்களே அறிந்திருந்தார்களா என்பது சந்தேகம். மேற்கே பாய்ந்து வீணாகும் பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி வையையில் விட்டால் என்ன என்ற யோசனை முதலில் எழுந்தது மதுரையிலோ கம்பத்திலோ அன்று. இராமநாதபுரத்து முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியான முத்திருளப்ப பிள்ளை என்பவரின் உள்ளத்தில்தான். 1789-இலேயே அவர் அந்த வழியை ஆராயச் செய்து, செலவு மிகுதி என்று கண்டு கைவிட்டார். அதன்பின் நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, பென்னிகுயிக்கின் உழைப்பால் 1895-இல் பெரியாற்று அணை நிறைவேறியது. நீரின் பெரும்பயன் மதுரைச் சீமைக்குப் போயிற்று. யோசித்தவர்களுடைய சீமைக்குக் கடைமடையின் பங்கே கிடைத்தது. உலகத்தில் யோசனைகளுக்கு நேரும் கதி பெரும்பாலும் இதுதான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏறக்குறைய ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வழி. உச்சிப்புளி வரை சொல்லத்தக்க காட்சி எதுவும் இல்லை; பனைகள், பனங்கருப்பட்டிக் கடைகள், உப்புப் பூத்த தரை, மீண்டும் பனைகள். ஆனால் அதைத் தாண்டியபின் நிலம் மெல்ல மெல்ல ஒடுங்குகிறது. இடது கைப் பக்கம் மரங்களுக்கிடையே பாக்கு நீரிணை ஒரு தரம் எட்டிப் பார்க்கும். சற்றுப் பொறுத்து வலது கைப் பக்கம் மன்னார் வளைகுடா எட்டிப் பார்க்கும். வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். வடக்கே அலையற்றுச் சாந்தமாகக் கிடப்பதையும் தெற்கே கச்சான் காற்றுக்குச் சீறி எழுவதையும் பார்த்தவர்கள் இட்ட பெயர் அது. வாடைக் காலத்திலே பெண்கடலும் தன் கோபத்தைக் காட்டும் என்பது வேறு விஷயம்.

எனக்கு முன் ஆசனத்தில் அறுபதைக் கடந்த ஓர் அம்மாள், பத்து வயதுப் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். மண்டபம் நெருங்க நெருங்க அவர் எழுந்து எழுந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, மண்டபம் கேம்ப்பு இதுதானுங்களா?”

“ஆமாம் அம்மா. முன்பே வந்திருக்கிறீர்களா?”

“சின்னப் பிள்ளையில வந்தது. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேசுவரத்துல எறங்குனோம். ரயில்ல ஏத்தி இங்கதான் கொண்டாந்து வச்சாங்க. அதுவரைக்கும் மலையைத் தவிர வேற எதையும் நான் கண்டதில்லை தம்பி. இங்க பார்த்தா நாலு பக்கமும் ஒண்ணுமே இல்லை. வானம் இம்புட்டுப் பெருசா இருக்குதேன்னு பயந்து அழுதேன்.”

இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் என்றார். கொழுந்து எடுத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தாராம். “எங்க தாத்தாவுக்கு முதுகுளத்தூர்ப் பக்கம்னு சொல்லுவாங்க. ஊர் பேரு யாருக்கும் தெரியலை.”

இராமநாதபுரச் சீமைக்கு மலையோடு உள்ள பெரிய பந்தம் அந்த அம்மாளின் இரண்டு வாக்கியங்களில் அடங்கியிருந்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் கண்டிச் சீமையில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டம் போடத் தொடங்கியபோது, மழை பொய்த்த இந்தச் சீமையிலிருந்தும் புதுக்கோட்டை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளிப் பக்கங்களிலிருந்தும், கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியிலேயே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானவர்கள் போக மிஞ்சியவர்கள் மலையேறினார்கள். காப்பிச் செடியை நோய் அழித்தபின் தேயிலை வந்தது; தேயிலை வந்தபின் ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியிருந்தது. மலையென்றால் என்னவென்றே அறியாதவர்கள், ஒரு தலைமுறைக்குள் மலையைத் தவிர வேறொன்றும் அறியாதவர்களாகிவிட்டார்கள்.

அவர்களை எண்ணி, நிறுத்தி, சோதித்து அனுப்பிய வாயில்தான் மண்டபம் முகாம். இந்திய மண்ணில் இலங்கைச் சர்க்கார் நடத்திய முகாம் அது. கப்பலேறுமுன் சில நாட்கள் அங்கே தங்கவைத்து, அம்மை குத்தி, மருந்து கொடுத்து, தொற்றுநோய் எதுவும் இல்லை என்று கண்ட பிறகே தனுஷ்கோடிக்கு அனுப்புவார்கள். இன்ன தோட்டத்துக்குரிய ஆள் என்று எண் பொறித்த தகரச் சீட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மனிதர்கள் பிரயாணம் செய்த காலம் உண்டென்பதை, இன்று கழுத்தில் அடையாள அட்டையோடு சுற்றுலாப் பஸ்களிலிருந்து இறங்கும் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது?

போன வழியே திரும்பவும் வரவேண்டியதாயிற்று. 1948-இல் இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா ஏற்பது, மூன்று லட்சம் பேரை இலங்கை ஏற்பது, மிஞ்சிய ஒன்றரை லட்சம் பேரின் தலைவிதியைப் பின்னால் பார்த்துக்கொள்வது என்று கணக்குத் தீர்ந்தது. சரக்கைப் பங்கிடுவதைவிடச் சற்று மரியாதையாகச் செய்திருக்கலாம். கையெழுத்தான இரண்டாம் மாதமே புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டபடியால், பின்னர்க் கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. ‘இராமானுஜம்’ என்ற அந்தக் கப்பல் 1984 வரை தலைமன்னாருக்கு ஓடியது. வந்தவர்களுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே. அவர்களைக் குடியமர்த்துவதற்காக 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், அந்த மலையிலிருந்து இறங்கியவர்களை இந்த மலையில் ஏற்றியது. நீலகிரியில் அவர்களை இன்றும் சிலோன்காரர்கள் என்கிறார்கள். கண்டியிலே அவர்களுக்கு இந்தியாக்காரர்கள் என்று பெயர்.

மண்டபத்தைத் தாண்டியதும் பஸ் மேலே ஏறத் தொடங்கியது. இந்தச் சீமையில் மலைப்பாதை என்று ஒன்று உண்டானால் அது பாம்பன் சாலைப் பாலம்தான். இரண்டே கால் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தப் பாலம், படகுகளும் சிறு கப்பல்களும் அடியிலே போக இடம் விட்டு நடுவில் உயர்ந்து நிற்கிறது. அந்த உயரத்தை அடைந்ததும் பஸ்ஸில் பேச்சு ஓய்ந்து, உறங்கியவர்கள் விழித்து, அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் சாய்கிறார்கள். உதகமண்டலத்துக்கு ஏறுகிறவன் கீழே பள்ளத்தாக்கைப் பார்க்கிற இடத்தில் இங்கே கடலைப் பார்க்கிறான். பவளப் பாறைகள் உள்ள இடம் கருநீலமாகவும் மணல் உள்ள இடம் வெளிர்பச்சையாகவும் தெரிய, நீரோட்டம் இரண்டு கடல்களுக்குமிடையே ஆறு போல் ஓடுவது பிரத்தியட்சமாகப் புலப்படும்.

1988 அக்டோபர் 2-ஆம் தேதி ராஜீவ் காந்தி இதைத் திறந்து வைக்கும் வரை தீவுக்கு ரயில் அல்லது தோணிதான் வழி. ரயில் பாலத்துக்கோ வயது அதிகம். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலம், நடுவே இரண்டு இரும்புக் கரங்களைத் தூக்கிக் கப்பலுக்கு வழிவிட்டு, 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்து, ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் மேற்பார்வையில் 46 நாட்களில் மீண்டும் எழுந்தது. இன்று அது ரயிலைச் சுமப்பதில்லை. பக்கத்திலேயே, நடுப்பகுதி முழுவதும் கிடைமட்டமாகவே நேரே மேலே எழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி முதல் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அந்த அம்மாள் பேத்திக்குப் பழைய பாலத்தைத்தான் காட்டினார். அவர் கடந்துவந்தது அதன்மேல்.

பாம்பன், அக்காள்மடம், மல்லிகை நாற்றுக்குப் பெயர்போன தங்கச்சிமடம் எல்லாம் விரைவில் கடந்தன. இராமேசுவரத்தில் இறங்கியதும் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் சிறிது நேரம் நடந்தேன். அந்தப் பிராகாரத்தில் 1,212 தூண்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பவளப் பாறையும் மணலுமான இந்தத் தீவில் கோயிலுக்குரிய கருங்கல் கிடையாது. ஆதலால் இங்கே கருங்கல்லாக நிற்பதெல்லாம் எங்கோ ஒரு குன்றில் வெட்டி, வண்டியில் ஏற்றி, தோணியில் கடத்திக் கொண்டுவந்ததாகத்தான் இருக்க வேண்டும். கருவறைக்குரிய கல் திரிகோணமலையிலிருந்து வந்தது என்றும் ஒரு வழக்கு உண்டு. நளனும் வானர சேனையும் மலைகளைப் பெயர்த்துக் கடலில் இட்டார்கள் என்ற கதையை நம்பத் தயங்குகிறவர்கள்கூட, சேதுபதிகளின் காலத்துக் கல்தச்சர்களும் வண்டிக்காரர்களும் தோணிக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக மலையைத் துண்டு துண்டாகக் கடல் கடத்தினார்கள் என்பதைத் தொட்டுப் பார்க்கலாம்.

பிற்பகல் நகரப் பஸ்ஸில் கந்தமாதனத்துக்குப் போனேன். அம்மாளும் பேத்தியும் அதிலேயே வந்தார்கள். மேட்டின் மேல் இரண்டு அடுக்கு மண்டபம். உள்ளே ராமர் பாதம். அநுமன் இலங்கைக்குத் தாவியது இங்கிருந்தே என்று இங்குள்ளவர்கள் சொல்ல, வால்மீகி அதை மகேந்திர மலைக்குக் கொடுத்திருக்கிறார். ஸ்காந்த புராணத்தின் சேது மாகாத்மியமோ இத்தலம் முழுவதையுமே கந்தமாதனத்தின் மேல் வைத்துப் பேசுகிறது. படியேறி மேல்தளத்தில் நின்றால் தென்னையும் உடைமரமும் தலையசைக்கும் தீவு, அதைச் சுற்றிக் கடல், தென்கிழக்கே கோபுரம், எல்லாவற்றையும் விஞ்சிக்கொண்டு 323 மீட்டர் உயரத்துக்கு எழும்பிய தொலைக்காட்சிக் கோபுரம். இத்தீவின் சிகரம் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் அந்தக் காங்கிரீட் கம்பத்தைத்தான் சொல்ல வேண்டும். புராணம் எழுதக் காலம் பிந்திவிட்டது.

“பாட்டி, மலை எங்க?” என்றாள் பேத்தி.

“நிக்கிறது மலை மேலதான்டி. எங்க தோட்டத்துல இதுமாதிரி மேட்டுல விறகு அடுக்கி வச்சிருப்போம்” என்று சொல்லிச் சிரித்த அம்மாள், சிரித்த வாயோடு பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் கண்டக்டரிடம், சிலோன் கப்பல் வந்து நிற்குமே, அந்தத் துறைக்குப் போக எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். கண்டக்டர் இளைஞர், இங்கிருந்து கப்பல் ஓடியதே அவருக்குப் புதிய செய்தி. பின் ஆசனத்தில் வலைமூட்டையோடு இருந்த ஒரு பெரியவர்தான், “நான் காட்டுறேன் ஆத்தா” என்று சொல்லி, பஸ் நிலையத்துக்கு முன்பே வண்டியை நிறுத்தச் செய்து, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களோடு இறங்கினார்.