வீடு தேடி வரும் பிசியோதெரபி!

காலை ஏழு மணி. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஏதோ ஒரு வட்டம். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் போயாயிற்று. வாசலில் பலா மரம், ஓரமாய் ஒரு பழைய சைக்கிள். உள்ளே கட்டிலில் ஃபோர்மேன் சார் படுத்திருக்கிறார். முப்பது வருஷம் சுரங்கத்தில் ஓடியாடி வேலை பார்த்த மனிதர். மூன்று வாரத்துக்கு முன்னால் திடீரென்று பக்கவாதம். வலது கையும் காலும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. "தினமும் பிசியோதெரபி செய்யணும்" என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த ஃபோர்மேன் சார் நாம் கற்பனையாக உருவாக்கிக் கொண்டவர்தான். ஆனால் உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இல்லையென்று உங்களால் சொல்ல முடியுமா?

"இவரை எப்படிங்க தினமும் தூக்கிக்கிட்டுப் போறது?" - இதுதான் அந்த வீட்டு அம்மாவின் கேள்வி. நியாயமான கேள்வி! ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். பிள்ளைக்கு ஷிப்டு. மருமகளுக்கு ஸ்கூல் வேலை. ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்து, அரை மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு, திரும்பி வருவதற்குள் நோயாளிக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பும் போய்விடுகிறது. புதுச்சேரி ஜிப்மரில் வைத்தியம் பார்த்தவர் என்றால் கேட்கவே வேண்டாம், போய் வர ஒரு நாளே சரியாகப் போய்விடும்.

அப்புறம் என்ன ஆகும்? தினமும் என்பது வாரம் இரண்டாகும். வாரம் இரண்டு, மாதம் ஒன்றாகும். பிறகு, "போதும்மா, ஆண்டவன் விட்ட வழி" என்று அவரே சொல்லிவிடுவார். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அந்தப் பொன்னான நேரம் இப்படியா வீணாக வேண்டும்?

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கே வரவழைப்பது!

வீட்டில் செய்வதால் என்ன லாபம்?

ஆஸ்பத்திரியில் தரை சமமாக இருக்கும். பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும். உங்கள் வீடு அப்படியா? பாத்ரூமுக்கு ஒரு படி இறங்க வேண்டும். கட்டில் உயரமாக இருக்கும். வராந்தாவில் மிதியடி வழுக்கும். நோயாளி நடக்க வேண்டியது இந்த வீட்டில்தானே? அப்படியானால் பயிற்சியும் இங்கேதானே நடக்க வேண்டும்!

நல்ல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கையைக் காலைப் பிடிக்க மாட்டார். சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். "இந்த மிதியடியை எடுத்துடுங்க. பாத்ரூம் சுவத்துல ஒரு கைப்பிடி போடுங்க. ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும்" என்பார். சில நூறு ரூபாய்ச் செலவு. ஆனால், கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவதைத் தடுத்துவிடலாம்.

பக்கவாதத்துக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்கள், பார்க்கின்சன்ஸ் நோயால் தளர்ந்த நடை உள்ளவர்கள், படுக்கையிலேயே இருக்கும் முதியவர்கள், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் எல்லோருக்கும் இது கைகொடுக்கும். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது. 165 பேர் கலந்துகொண்டார்கள். ஆஸ்பத்திரியில் தங்கிப் பயிற்சி பெற்றுவிட்டு வீட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தவர்களும், நேராக வீட்டுக்குப் போய்ப் பயிற்சி செய்தவர்களும் ஆறு மாதம் கழித்து ஒரே அளவுக்குத்தான் நடந்தார்கள். 2017-ல் வெளியான முடிவு இது.

நாமே செய்துவிட்டால் என்ன?

"இதென்ன பெரிய வித்தை? நாலு நாள் பாத்துக்கிட்டா நாமளே செஞ்சிடலாமே!" என்று தோன்றுகிறதா? இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே விடை தேடினார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் நிபுணர் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்ட குழுவினர், இந்தியாவின் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள். பாதிப் பேரின் வீட்டில் ஒருவருக்குப் பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுத்து, வீட்டில் அவரே தொடரும்படி செய்தார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு.

முடிவு 2017-ல் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் நூற்றுக்கு 47 பேர் இறந்திருந்தார்கள், அல்லது பிறர் உதவியில்லாமல் இருக்க முடியாத நிலையில் இருந்தார்கள். வித்தியாசமே இல்லை!

மனசு உடைந்துவிட வேண்டாம். குடும்பத்தாரின் அன்பு வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அன்பு மட்டும் போதாது என்றுதான் அர்த்தம். பயிற்சி பெற்ற நிபுணர் குழு வீட்டுக்கு வந்து சிகிச்சையைத் தொடர்ந்தால், பிறரைச் சார்ந்திருக்கும் நிலை குறைகிறது என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, வழி காட்ட நிபுணர். வந்து போகிற நாட்களுக்கு நடுவே விடாமல் செய்யவைக்க வீட்டார். இரண்டும் சேர்ந்தால்தான் வண்டி ஓடும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* பலவீனமான கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு விலகி, தாங்க முடியாத வலி வரும். இடுப்பைச் சுற்றி ஒரு துணி பெல்ட் கட்டி, அதைப் பிடித்து எழுப்புங்கள். உங்கள் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த பேஷன்ட் நீங்கள்தான்!

* கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது, நாற்காலி நல்ல பக்கத்தில் இருக்கட்டும். கைத்தடியும் நல்ல கையில்தான்.

* படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.

* தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். படுக்கைப் புண் வராது.

* ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், எண்ணெய் போட்டு நீவவே கூடாது! உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்கள்.

* பயிற்சியின்போது நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் வந்தால் அப்படியே நிறுத்துங்கள். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை திடீரென்று விழுந்தாலோ பிசியோதெரபிஸ்ட்டுக்குப் போன் செய்துகொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

வருகிறவர் யார், செலவு எவ்வளவு?

மசாஜ் செய்கிறவர் எல்லாம் பிசியோதெரபிஸ்ட் ஆகிவிட மாட்டார். பி.பி.டி. பட்டம் படித்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. உங்கள் டாக்டரின் சீட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் முதல் நாளே காட்டுங்கள். "ஒரு மாசத்துல இவர் எதைத் தானா செய்வார்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருக்க வேண்டும். "பாப்போம்" என்று மழுப்பினால், வேறு ஆளைப் பாருங்கள்.

பணம் கொடுக்க வசதி இல்லையா? தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு, வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அதில் சேர்ந்தது. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. உங்கள் பகுதிக்கு யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்று அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

நெய்வேலிக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்திரா நகருக்கோ, வடலூருக்கோ குடிபோகிறீர்கள். பழைய வீட்டில் பழகிய நடை, புது வீட்டில் தடுமாறும். புது வீட்டுக்கும் பிசியோதெரபிஸ்ட்டை ஒருமுறை அழைத்துக் காட்டிவிடுங்கள். வீடு கட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. தரைத் தளத்தில் ஒரு படுக்கையறை, ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், வீல்சேர் நுழைகிற அளவுக்குக் கதவு... இப்போதே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, நம் ஃபோர்மேன் சாருக்கு என்ன வேண்டும்? ஓட்டப் பந்தயமா ஓடப் போகிறார்? யாரையும் கூப்பிடாமல் பாத்ரூம் போய்வர வேண்டும். காலையில் வாசல் கேட் வரை நடந்து பேப்பரைத் தன் கையால் எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கம்பியைப் பிடித்து நடந்தது மட்டும் அதற்குப் போதாது. கட்டிலிலிருந்து கேட் வரைக்கும் உள்ள அந்த இருபது அடியை, அந்த இருபது அடியிலேயே நடந்து பார்த்தால்தான் வரும். முதல் அடியை இன்றைக்கே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்!