தோரியத்தைப் பார்க்காமலே தோரியத்தை அளக்கும் கருவி

குமரிக் கடலோரத்திலிருந்து வரும் வாசகர் கடிதங்களில் சில வாரங்களாக ஒரே மாதிரியான ஓர் அட்டவணையின் நகல் இணைந்து வருகிறது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டவர்களுக்கு ஓர் அலுவலகம் அனுப்பிய பதில் அது. இடப்பக்கம் மண், மணல், கிணற்று நீர். மேலே தோரியம்-232, ரேடியம்-226, பொட்டாசியம்-40. கட்டங்களில் ஓர் எண், இல்லையென்றால் ‘கண்டறியும் வரம்புக்குக் கீழ்’ என்ற குறிப்பு. அடியில், அளந்தது அதிநவீன டிஜிட்டல் காமா ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஒரு வரி. பதில் கைக்கு வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்துவிட வேண்டும். பலருக்கு அந்தக் கெடு நெருங்கிவிட்டது; மேல்முறையீட்டில் என்ன கேட்பது என்று தெரியவில்லை என்கிறார்கள்.

கிள்ளியூர் வட்டாரத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய ஊர்களில் 1,144 ஹெக்டேரில் தாது மணல் எடுக்கும் ஐ.ஆர்.இ.எல். திட்டம் பற்றி இந்த மாவட்டத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அணுக்கனிமச் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கும் வாய்ப்பு சுருங்கிய பிறகு, காகிதத்தில் கேட்டுப் பெறும் விவரங்களின் மதிப்பு கூடிவிட்டது. அதனால்தான் இந்த அட்டவணையை வரிவரியாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

‘டிஜிட்டல்’ என்றால் துல்லியம் என்று பொருளா?

இல்லை. காமா கதிர் ஒரு படிகத்தில் மோதும்போது மின்துடிப்பு ஒன்று பிறக்கிறது; துடிப்பின் உயரம் கதிரின் ஆற்றலைச் சொல்கிறது. பழைய கருவிகளில் மின்சுற்றுகள் அந்தத் துடிப்புக்கு வடிவம் கொடுத்து உயரத்தை அளந்தன. டிஜிட்டல் கருவியில், துடிப்பு முன்பெருக்கியைத் தாண்டியவுடன் நொடிக்குச் சுமார் 10 கோடி முறை எண்ணாக மாற்றப்படுகிறது. துடிப்புக்கு முன்னால் உள்ள எண்களின் சராசரியைப் பின்னால் உள்ளவற்றின் சராசரியிலிருந்து கழித்து, கணக்கு வழியாகவே உயரம் எடுக்கப்படுகிறது. இதற்கான வடிகட்டியை ஜோர்டனோவும் நோலும் 1994ல் விவரித்தார்கள்; இன்றைய கருவிகள் பலவற்றின் உள்ளே அந்தக் கணக்குதான் ஓடுகிறது. இரண்டு துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் கண்டுபிடித்து ஒதுக்கவும், வெப்பநிலை மாறும்போது அளவுகோல் நழுவாமல் பிடிக்கவும் இது வெகுவாக உதவுகிறது.

ஆனால் பக்கத்துப் பக்கத்து ஆற்றல்களைப் பிரித்துக் காட்டும் திறன் பெரும்பாலும் படிகத்தைப் பொறுத்தது. தோரியம் வரிசையின் கோடு ஒன்று 583 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. யுரேனியம் வரிசையின் கோடு ஒன்று 609ல். இடைவெளி 26. சோடியம் அயோடைடு படிகத்தில் அந்த இடத்தில் ஒரு கோட்டின் அகலமே 40க்கு மேல். இரண்டும் ஒரே மேடாக ஒட்டிக்கொள்ளும். திரவ நைட்ரஜனிலோ மின்குளிரூட்டியிலோ குளிர்விக்கும் ஜெர்மானியப் படிகத்தில் அகலம் ஒன்றரை அளவுதான். இரண்டு கூர் முனைகளாகத் தெளிவாக நிற்கும். ஆகவே ‘அதிநவீன டிஜிட்டல்’ என்ற வரியில் தகவல் எதுவும் இல்லை. எந்தப் படிகம் என்பதே முதலில் கேட்க வேண்டியது.

டிஜிட்டலால் கிடைக்கும் பெரிய நன்மை வேறு. எண்ணி முடித்த நிறமாலை முழுவதும் ஒரு சின்னக் கோப்பாக இருக்கும். பத்து ஆண்டு கழித்தும், வேறொருவர், வேறொரு கேள்வியோடு அதைத் திறந்து பார்க்கலாம். அட்டவணையைத் தந்த அலுவலகம் அந்தக் கோப்பைத் தரவில்லை. அது ஏன் முக்கியம் என்பதை இனிச் சொல்கிறேன்.

தோரியத்தின் கதிரைத்தானே அளந்திருக்கிறார்கள்?

கடிதம் எழுதிய எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அட்டவணையும் அப்படி நினைக்கத்தான் வைக்கிறது. உண்மையில் தோரியம்-232 வெளியிடும் காமா மிக மிகச் சொற்பம். வழக்கமான அளவீட்டில் இந்தக் கருவிக்கு அது தெரிவதே இல்லை.

தெரிவது அதன் சந்ததி. தோரியம்-232 சிதைந்து ரேடியம்-228 ஆகிறது. அது ஆக்டினியம்-228 ஆகிறது. அது தோரியம்-228, பிறகு ரேடியம்-224, பிறகு தோரான் வாயு, ஈயம்-212, பிஸ்மத்-212 என்று இறங்கி, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத் தாலியம்-208 வழியாகப் போய், கடைசியில் அசையாத ஈயத்தில் முடிகிறது. இந்த வரிசையில் ஆக்டினியம் 911லும் தாலியம் 583, 2,614லும் உரத்த குரல் எழுப்புகின்றன. பேரப்பிள்ளைகளின் தலையை எண்ணி, வீட்டுக்குள் இருக்கும் பாட்டனின் கணக்கை எழுதுவதைப் போன்ற வேலை இது.

கணக்கு சரியாக வர ஒரே ஒரு நிபந்தனை: குடும்பம் பிரியாமல் ஒரே கூரையின்கீழ் நெடுங்காலம் இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால், ஒரு நொடியில் எத்தனை தோரியம் அணுக்கள் சிதைகின்றனவோ அத்தனையே ஒவ்வொரு படியிலும் சிதையும். சமநிலை என்கிறோமே, அது இதுதான். தோரியம்-232ன் அரைஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு. அந்தப் பாறையும் மணலும் மனிதக் கை படாமல் கிடந்தவரை சமநிலைக்குக் குறைவில்லை. கேட்கும்போதெல்லாம் வியக்கவைக்கும் உத்தி இது. கண்ணுக்கே தெரியாத ஒன்றை, மூன்று நிமிட அரைஆயுள் கொண்ட தாலியத்தை வைத்து அளந்துவிடலாம்.

மணவாளக்குறிச்சி மணலுக்கு இந்த உத்தி பொருந்தும். தேங்காய் நார்க் கயிற்றோடு ஒட்டிப்போன மணலிலிருந்து ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பெர்க் 1909ல் இங்கே மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். அந்த மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு சுமார் 8 முதல் 10 சதவீதம். 9 சதவீதம் என்று வைத்தால், சுத்தமான மோனசைட் ஒரு கிலோவில் தோரியம்-232 மட்டும் சுமார் 3 லட்சம் பெக்கரல், அதாவது நொடிக்கு அத்தனை சிதைவு. உலக மண்ணின் இடைநிலை அளவாக ஐ.நா.வின் கதிரியக்க அறிவியல் குழு 2000ல் தந்தது கிலோவுக்கு 30. கரையில் கிடக்கும் கலப்பு மணல் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். அட்டவணையின் மணல் வரிசை எண்களை நான் நம்பத் தயார்.

கிணற்று நீர் வரிசைதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

தோரியம் நீரில் கிட்டத்தட்டக் கரையாது. அதன் பிள்ளையான ரேடியம் கரையும். நிலத்தடி நீர் மணலுக்குள் ஊடுருவும்போது பெற்றோரை அங்கேயே விட்டுவிட்டு ரேடியம்-228ஐ மட்டும் அழைத்துக்கொண்டு வரக்கூடும். குடும்பம் பிரிந்துவிடுகிறது. கிணற்றில் தோரியம்-232 இல்லை என்ற வாக்கியம் அப்போது உண்மைதான். ஆனால் குடிப்பவருக்கு வேண்டியது அது இல்லை. ரேடியம்-228 எவ்வளவு என்பதுதான். அதற்கென அட்டவணையில் ஒரு நெடுவரிசையே கிடையாது.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். யுரேனியம் வரிசையிலும் இதே பேரப்பிள்ளைக் கணக்குதான். நடுவில் ரேடான் வாயு வருவதால், அது தப்பிப் போகாமல் மாதிரியைப் புட்டியில் அடைத்து மூன்று, நான்கு வாரம் வைப்பது வழக்கம். நல்ல வழக்கம், ரேடியம்-226க்கு. அதே புட்டியிலுள்ள தோரியம் வரிசைக்கு அந்த நான்கு வாரத்தில் என்ன ஆகிறது? நீரோடு வந்த ரேடியம்-224ன் அரைஆயுள் மூன்றரை நாள் சொச்சம். ஒரு மாதத்தில் அது அழிந்துவிடும். ரேடியம்-228 புதிதாகத் தோரியம்-228ஐப் பெற்றெடுக்க வேண்டும். அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒரு மாதத்தில் சமநிலையின் மூன்று சதவீதம்தான் வளர்ந்திருக்கும். ஆக, அந்த நாளில் தாலியத்தின் 2,614 கோட்டைப் பார்ப்பவருக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. ஆக்டினியத்தின் 911 கோட்டைப் பார்ப்பவருக்கு ரேடியம்-228 முழுதாகத் தெரியும். ஒரே புட்டி, ஒரே கருவி, ஒரே கோப்பு. எந்தக் கோட்டிலிருந்து எண் எடுத்தார்கள் என்பதை வைத்து ஒருவர் ‘வரம்புக்குக் கீழ்’ என்று எழுதலாம், இன்னொருவர் கிணற்றை மூடச் சொல்லலாம். அட்டவணை எந்தக் கோடு என்று சொல்லவில்லை.

ஆலையில் வேதிமுறையில் பிரித்த தோரியத்திலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. பிரித்த அன்று தோரியம்-232ம் தோரியம்-228ம் சேர்ந்தே வரும், ரேடியம் வெளியே போகும். பிறகு தோரியம்-228 தேயத் தேய, தாலியத்தின் குரலும் இறங்குகிறது. சுமார் நாலரை ஆண்டில் அது சமநிலை அளவின் 42 சதவீதத்துக்கு வந்து, அதன்பின் பல பத்தாண்டுகளில் மெல்ல ஏறுகிறது. கிடங்கில் ஒரு கிராம்கூடக் குறையாதபோதே, தாலியத்தை மட்டும் நம்புபவர் பாதிக்கும் குறைவாக எழுதிவிடலாம். மோனசைட்டை இப்படி உடைக்கும் வேலை 1952ல் ஆலுவாவில் தொடங்கியது, பிறகு ஒடிசாவுக்கும் போனது; மணவாளக்குறிச்சியில் நடப்பது மணலைக் கனிமவாரியாகப் பிரிப்பது. ஆகவே குமரிக்காரர்கள் முதலில் கவலைப்பட வேண்டியது கிணற்றைப் பற்றி.

911ம் 2,614ம் ஒரே எண்ணைச் சொன்னால் குடும்பம் சேர்ந்திருக்கக்கூடும், மாறினால் நிச்சயம் பிரிந்திருக்கிறது. சோதித்துப் பார்க்கத் தேவையான எல்லாம் ஏற்கெனவே அந்தக் கோப்பில் இருக்கிறது. வான்வழிக் கணக்கெடுப்பில் நிலவியலாளர்கள் தங்கள் எண்ணைத் தோரியம் என்று எழுதுவதில்லை, ‘சமானத் தோரியம்’ என்றுதான் எழுதுகிறார்கள். நிபந்தனை பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. மக்களுக்குத் தரும் அட்டவணையில் அந்த நேர்மை ஏன் காணாமல் போக வேண்டும்?

‘வரம்புக்குக் கீழ்’ என்றால் பூஜ்யமா?

அந்த மாதிரியை, அத்தனை நேரம், அந்தக் கருவியில் எண்ணியபோது பின்னணியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று மட்டுமே பொருள். வரம்பைக் கணக்கிடும் முறையை லாயிட் கரி 1968ல் வகுத்தார். பின்னணி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது அது. கொஞ்ச நீர், கொஞ்ச நேரம், கவசம் குறைந்த அறை என்றால் வரம்பு உயரும், உயர்ந்த வரம்புக்குக் கீழே எல்லாமே அடங்கிவிடும். குடிநீரில் ரேடியம்-228க்கு உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.1 பெக்கரல். ஒரு லிட்டர் நீரை அப்படியே வைத்து எண்ணி அந்த அளவை எட்டுவது கடினம். பல லிட்டரைச் சுண்டவைக்கவோ, ரேடியத்தை வீழ்படிவாக்கவோ வேண்டும். வரம்பின் எண்ணை எழுதாமல் ‘வரம்புக்குக் கீழ்’ என்று எழுதுவது பதிலே அல்ல.

அளப்பவர்களை நம்பலாமா?

விஞ்ஞானிகளின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. அமைப்பில் இருக்கிறது. மணல் எடுக்கும் நிறுவனம் அணுசக்தித் துறையின்கீழ். அணுமின் நிலையங்களைச் சுற்றிச் சுற்றுச்சூழலை அளக்கும் ஆய்வகங்கள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவை. அதுவும் அதே துறை. கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டரீதியான சுதந்திரம் போதவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2012லேயே குறை கூறியது. அளவீடு சரியாக இருந்தாலும், வெளியார் சரிபார்க்க வழி வேண்டும் என்பது இதனால்தான்.

மேல்முறையீட்டில் என்ன கேட்பது?

படிகத்தின் வகை, எண்ணிய நேரம், மாதிரியின் எடை அல்லது கொள்ளளவு, அடைத்துவைத்த நாட்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் எந்த ஆற்றல் கோடு, கண்டறியும் வரம்பு எவ்வளவு. இவற்றோடு மாதிரியின் நிறமாலைக் கோப்பும் வெற்றுப் பின்னணியின் கோப்பும். சட்டத்தின் உட்பிரிவு எண்களைத் தேடி அலைய வேண்டாம். ‘தகவல் பெறும் உரிமை’யை வரையறுக்கும் 2ஆம் பிரிவே மின்னணு வடிவில் பெறவும், பொருள்களின் சான்றிட்ட மாதிரிகளைப் பெறவும் இடம் தருகிறது. 8(1)ஐக் காட்டி நாட்டின் பாதுகாப்பு, அறிவியல் நலன் என்று மறுக்கலாம். ஊர்க் கிணற்று நீரின் கதிரியக்கம் அதற்குள் வராது என்பது என் உறுதியான கருத்து. வந்தாலும் பொது நலனை முன்வைக்க 8(2) இருக்கிறது.

மிச்சக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. புற்றுநோய் வருமா? ஸ்பெக்ட்ரோமீட்டர் அதைச் சொல்லாது. இதே மணல் கிடக்கும் கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நடந்து 2009ல் வெளியான பெரிய ஆய்வு கூடுதல் புற்றுநோயைக் காணவில்லை, ஆனால் அது மணல் ஆலை பற்றிய ஆய்வு அல்ல.

பாக்கெட் கருவி வாங்கலாமா? எந்த இடத்து மணல் சூடு என்று காட்டும். கிணற்று நீருக்கு உதவாது.

மீனில் பொட்டாசியம்-40 இருக்கிறதாமே? எல்லா மீனிலும், நம் உடம்பிலும் இருக்கிறது.

மீனில் பொலோனியம்-210? அது ஆல்பா கதிர் வீசுவது. இந்தக் கருவியில் அகப்படாது, தனிச் சோதனை வேண்டும்.

கூடங்குளத்துக் கதிர் இதில் தெரியுமா? 662ல் சீசியம்-137 என்ற நெடுவரிசையைக் கேளுங்கள். பழைய அணுகுண்டுச் சோதனைகளின் மிச்சமும் அதே கோட்டில்தான் வரும் என்பதை நினைவில் வைத்து எண்ணைப் படியுங்கள்.

மேல்முறையீட்டுக்குக் கட்டணம்? மத்திய அரசு அலுவலகம் என்றால் முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை.