பானெட்டின் மேல் ஒரு நாற்காலி

லேண்ட் குரூசரின் இடது முன்மூலையில், ஹெட்லைட்டுக்கு மேலே, வண்டிக்கு வெளியே ஒரு நாற்காலி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் காட்டுக்கும் நடுவே காற்றைத் தவிர எதுவும் இல்லை. சபி சாண்டில் பிற்பகல் சஃபாரிக்குப் போகிறவர்கள் சிங்கத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள், சரி. ஆனால் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அந்த மூன்று மணி நேரத்தில் பாதியையாவது இந்த மனிதரின் முதுகைப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். அவர்தான் டிராக்கர். காட்டில் நடக்கிற அத்தனை வித்தைகளும் அவர் தலை திரும்புகிற திசையில்தான் தொடங்குகின்றன!

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கில், க்ரூகர் தேசியப் பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது சபி சாண்ட் தனியார் வனக்காப்பகம். சுமார் 65,000 ஹெக்டேர். சபி, சாண்ட் என்று இரண்டு ஆறுகள், அவற்றின் பேரே காட்டுக்கும் பேர். பண்ணை நிலங்களை வைத்திருந்தவர்கள் 1948ல் ஒன்றுசேர்ந்து, காட்டை மொத்தமாகக் காப்பது என்று சங்கம் அமைத்தார்கள். நடுவில் க்ரூகருக்கும் இதற்கும் இடையே கோமாரி நோய்க்குப் பயந்து போட்ட வேலி ஒன்று இருந்தது. 1993ல் அதைப் பிடுங்கி எறிந்தார்கள். இன்று க்ரூகரின் யானை காலையில் அங்கே தண்ணீர் குடித்துவிட்டு மாலையில் இங்கே மரம் முறிக்கலாம்.

மிருகம் அதே மிருகம் என்றால் தனியார் காட்டில் என்ன கூடுதல்? பொழுது! க்ரூகரில் சொந்தக் காரில் சுற்றுகிறவர்கள் கதவு சாத்தும் நேரத்துக்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும், பாதையை விட்டு இறங்கவும் கூடாது. சபி சாண்டில் இருட்டியபிறகும் வண்டி ஓடும். சிங்கமோ சிறுத்தையோ என்றால் பாதையை விட்டுப் புதருக்குள்ளும் இறங்கும். வெயில் முழுக்கப் படுத்துக் கிடந்த பெரிய பூனைகள் சோம்பல் முறிக்கிற அந்த நேரம்தான் பிற்பகல் சஃபாரியின் உயிர். இருட்டோடு கதவைச் சாத்திவிட்டால் கதை ஆரம்பிக்கும் முன்பே எழுந்து வந்த மாதிரி.

இப்போது லாட்ஜின் பின்கட்டுக்கு வாருங்கள். மூன்றரை மணி. முன்பக்கத் திண்ணையில் விருந்தினர்கள் தேநீரும் கேக்குமாக இருக்கிறார்கள். அதே நேரம் வண்டி நிறுத்துமிடத்தில், வண்டி ஓட்டப்போகும் ரேஞ்சர் குளிர்பெட்டியை ஏற்றுகிறார், போர்வைகளை எண்ணுகிறார், குளிர்காலமென்றால் வெந்நீர்ப் பைக்கும் ஏற்பாடு. டாஷ்போர்டின் மேல் குறுக்காக ஒரு ரைஃபிள் படுத்திருக்கும். எல்லா நாளும் உறையோடு போய் உறையோடு திரும்புவதுதான் அதற்குப் பெருமை. டிராக்கர் வண்டியில் சாய்ந்து நின்று ரேஞ்சரோடு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சில்தான் விஷயமே இருக்கிறது: காலை வண்டி கடைசியாக எதை எங்கே விட்டு வந்தது? பத்து மணிக்குச் சிங்கக் கூட்டம் எந்த ஓடையோர நிழலில் படுத்தது? சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடத் தூங்கும் ஜீவன். பத்து மணிக்குப் படுத்த இடத்திலேயே நாலு மணிக்கும் கிடக்க நிறைய வாய்ப்பு. ஆக, அதிர்ஷ்டம் என்று விருந்தினர்கள் பூரிக்கிற பல காட்சிகளுக்குப் பின்னால் காலையில் ஒருவர் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்த குறிப்பு இருக்கிறது. இது தெரிந்தபிறகு எனக்கு மகிழ்ச்சி இரண்டு மடங்காகிவிட்டது!

வண்டி கிளம்புகிறது. மூன்று வரிசை, ஒன்றுக்கொன்று உயரமாக. கூரை கிடையாது. விதிகள் சுருக்கம்: எழுந்து நிற்காதீர்கள், கையை வெளியே நீட்டாதீர்கள், கத்தாதீர்கள். ஏனென்றால் தலைமுறை தலைமுறையாக வண்டிகளைப் பார்த்து வளர்ந்த இந்த மிருகங்கள், உட்கார்ந்த மனிதர்களோடு சேர்த்து வண்டியை ஒரே உருவமாக எடுத்துக்கொள்கின்றன. அந்த உருவம் தின்பதும் இல்லை, துரத்துவதும் இல்லை. யாராவது எழுந்தால் அந்த உருவம் உடைகிறது. உடனே சிங்கத்தின் பார்வை மாறும்.

கால் மணி நேரத்தில் டிராக்கர் கையைத் தூக்குவார். வண்டி நிற்கும். அவர் இறங்கிக் குனிவார். பாதை மணலில் ஒரு பாதம். உள்ளங்கைத் திண்டின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு இருந்தால் பூனைச் சாதி. நகம் பதியவில்லையென்றால் இன்னும் உறுதி, சிவிங்கிப்புலி மட்டும் விதிவிலக்கு. நகம் பதிந்திருந்தால் கழுதைப்புலியோ காட்டுநாயோ. இதெல்லாம் பாலபாடம்தான். அடுத்த கேள்விதான் அபாரம்: எப்போது போனது? மணல் விளிம்பு கூர்மையாக நிற்கிறதா, காற்றில் உதிர்ந்துவிட்டதா? இரவுப் பூச்சிகள் ஊர்ந்த கோடு பாதத்தின் மேல் போகிறதா, பாதம் அந்தக் கோட்டின் மேல் பதிந்திருக்கிறதா? எனக்கு மிகப் பிடித்தது இது: காலையில் இதே வண்டி போட்ட டயர் தடத்தின் மேல் பாதம் விழுந்திருந்தால், ஆள் காலைக்குப் பிறகு வந்தவர்! நம் வண்டிச் சக்கரமே கடிகாரமாகிவிட்டது, பாருங்கள்.

பார்த்து முடித்ததும் ஒரு குச்சியை எடுத்துத் தடத்தின் குறுக்கே கோடு கிழிப்பார். பின்னால் வரும் டிராக்கர்களுக்கு அது கடிதம்: இதை நான் பார்த்துவிட்டேன், மறுபடி மெனக்கெட வேண்டாம். பாதை ஓரத்தில் அந்தக் கோடுகளைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டால் போதும், சிங்கமே வராவிட்டாலும் பிற்பகல் பறந்துவிடும்.

இந்த வித்தைக்குத் தேர்வும் உண்டு. தடம் படிப்பதுதான் விஞ்ஞானத்தின் தொடக்கம் என்று 1990ல் புத்தகமே எழுதிய லூயி லீபன்பெர்க் உருவாக்கிய சைபர்டிராக்கர் முறை அது. பேனா கிடையாது, தாள் கிடையாது. தேர்வாளர் மணலில் ஒரு தடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, இது யார் என்று கேட்பார். எளிய கேள்வியில் தவறினால் கடினமான கேள்வியில் தவறுவதைவிட அதிக மதிப்பெண் போகும். கடினமானதைச் சரியாகச் சொன்னால் அதிகம் கிடைக்கும். பள்ளிக்கூடம் பார்க்காத முதியவர்களின் அறிவுக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும் என்று யோசித்த முறை. 2010ல் தொடங்கிய டிராக்கர் அகாடமி இளைஞர்களுக்கு இதையே முழுநேரப் படிப்பாகச் சொல்லிக்கொடுக்கிறது. இதைக் கேட்டபோது எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

கண் மட்டும் போதாது, காதும் வேண்டும். திடீரென எஞ்சினை அணைப்பார்கள். விருந்தினர்களுக்கு எதுவும் கேட்காது. டிராக்கருக்குக் கேட்கும்: தொலைவில் இம்பாலா மான்களின் மூக்குச் சீறல், மரத்தில் அணிலின் விடாத கத்தல், கௌதாரிகளின் கூச்சல். இத்தனை பேரும் ஒரே திசையைப் பார்த்துத் திட்டினால் நடுவில் யாரோ நடந்துபோகிறார் என்று பொருள். பெரும்பாலும் சிறுத்தை.

அதே நேரத்தில் ரேடியோவும் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ரேஞ்சர் காதில் ஒரு கருவி. ஒரு வண்டி சிறுத்தையைக் கண்டால் மற்ற வண்டிகளுக்குச் சொல்லும். ஆனால் எல்லோரும் பாய்ந்து வர முடியாது. வழக்கமாக மூன்று வண்டிக்கு மேல் ஒரு மிருகத்தைச் சூழக் கூடாது. மற்றவர்கள் தூரத்தில் வரிசையில் காத்திருக்க, உள்ளே இருப்பவர் நேரம் பார்த்து இடம் விடுவார். ரேஞ்சர் ஏதோ பறவையைக் காட்டி நிறைய நேரம் ஆர்வமாகக் கதை சொல்கிறாரா? வரிசையில் நிற்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்! அந்தக் கதையையும் விடாதீர்கள், நன்றாக இருக்கும்.

நம் முறை வந்ததும் முதலில் நடப்பது ஒன்று. டிராக்கர் பானெட் நாற்காலியை விட்டு இறங்கி உள்ளே வந்து ரேஞ்சர் பக்கத்தில் உட்கார்வார். பூனைக்கு அருகே வெளியே தனியாகத் தெரியும் மனித உருவம் வேண்டாம் என்பதற்காக. அவர் அந்த நாற்காலியிலிருந்து எழும்போது எனக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும். சிறுத்தை பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அறிவிப்பு கிடையாது. வண்டி புதரை மடக்கிக்கொண்டு மெல்ல இறங்கும். அதோ! மருலா மரக் கிளையில் வால் தொங்குகிறது. கழுதைப்புலிகளுக்கு எட்டாமல் தூக்கி வைத்த இம்பாலாவும் பக்கத்தில்.

சிறுத்தை இறங்கி நடந்து, ஒரு புதரில் பின்பக்கமாகப் பீய்ச்சி எல்லை குறித்துவிட்டுப் போனால் மூக்கைத் திறந்து வையுங்கள். பாப்கார்ன் வாசனை அடிக்கும் என்பார்கள் ரேஞ்சர்கள். இதில் நம் சமையலறைக்கும் ஒரு பங்கு உண்டு. புலி எல்லை குறிக்கும் திரவத்தில், பாஸ்மதி அரிசிக்கு மணம் தரும் அதே மூலக்கூறு இருப்பதைக் கண்டுபிடித்தவர் கொல்கத்தா விஞ்ஞானி ரதன் லால் பிரம்மச்சாரி. பாப்கார்னிலும் ரம்பை இலையிலும் இருப்பது அதுவேதான். பெரிய பூனை போன தடத்தில் பிரியாணிக்கு அரிசி வெந்த வாசனை!

யார் இந்தச் சிறுத்தை என்று ரேஞ்சர் உடனே சொல்லிவிடுவார். மீசை முடிகளின் மேல் வரிசைக்கும் மேலே உள்ள கரும்புள்ளிகளை எண்ணுவார்கள். ஒரு கன்னத்தில் மூன்று, மறு கன்னத்தில் இரண்டு என்பதுபோல. சபி சாண்டுக்குள்ளேயே இருக்கும் லண்டோலோசியில் 1979 முதல் ஜான் வார்ட்டியும் டிராக்கர் எல்மன் ம்ஹ்லோங்கோவும் ஒரு பெண் சிறுத்தையைப் பல ஆண்டுகள் பொறுமையாகப் பின்தொடர்ந்தார்கள். அதற்கு முன் அந்தப் பக்கத்தில் சிறுத்தை என்றால் ஒரு நொடி நிழல்தான். அந்தத் தாயின் வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கன்னப் புள்ளிகளை வைத்தே தொடர்ந்து எழுதிவருகிறார்கள்.

சூரியன் விழும்போது வெட்டவெளியில் வண்டி நிற்கும். சுற்றிலும் ஒருமுறை நோட்டம் விட்டபிறகுதான் இறங்கச் சொல்வார்கள். கண் மூடித் திறப்பதற்குள் மடிப்பு மேசை, மேசைவிரிப்பு, கண்ணாடிக் கோப்பைகள், ஜின் டானிக், மருலாப் பழத்தில் செய்த அமருலா, தனியா தூவி உலர்த்திய பில்டாங் கறி. முன்னே சிறுத்தையைத் தேடிய அதே கைகள் இப்போது எலுமிச்சையை வட்டம் வட்டமாக நறுக்குகின்றன.

பிறகு இருட்டு. டிராக்கர் கையில் விளக்கு. இடமும் வலமுமாக அது ஓயாமல் ஆடும். மிருகத்தின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இருப்பதால் கண்கள் நெருப்பாய் மின்னும். இம்பாலா மின்னினால் விளக்கு உடனே நகர்ந்துவிடும். அதன் கண் கூசி, அந்த நேரத்தில் சிங்கம் வந்துவிட்டால் அது நாம் செய்த கொலை. இந்த நாகரிகம் எனக்கு மிகவும் பிடிக்கும். அப்புறம், ஓடுகிற வண்டியிலிருந்து, மரத்தில் தூங்கும் விரல் நீளப் பச்சோந்தியை அவர் கண்டுபிடித்துக் காட்டுவார்! வெளிச்சத்தில் அதன் உடல் இலைகளைவிட வெளிறித் தெரியும், அதுதான் சூட்சுமம் என்பார். சூட்சுமம் தெரிந்தும் நமக்கு மரம்தான் தெரியும்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கொண்டாட்டத்தோடு கொஞ்சம் கனமும் சேர்கிறது. டிராக்கர்களில் பலர் காட்டை ஒட்டிய ஊர்களில் பிறந்த ஷங்கான் மக்கள். அவர்களுடைய முன்னோர்கள் இதே நிலத்தில் மாடு மேய்த்து, தேன் எடுத்து, பிறகு வெளியேற்றப்பட்டவர்கள். சபி சாண்டின் கிழக்குப் பகுதியான மாலாமாலாவின் சுமார் 13,000 ஹெக்டேரை 2013ல் தென்னாப்பிரிக்க அரசு ஏறத்தாழ நூறு கோடி ராண்டுக்கு வாங்கி, உரிமை கோரிய ந்வாண்ட்லமார்ஹி சமூகத்திடம் ஒப்படைத்தது. காடு காடாகவே தொடர்கிறது, சஃபாரியும் தொடர்கிறது, நிலம் அவர்களுடையது. நியாயம் இன்னும் வெகுதூரம் போக வேண்டும். ஆனாலும் அந்தச் செய்தியை அங்கே வைத்து நினைத்தால் மனம் துள்ளத்தான் செய்கிறது.

லாட்ஜுக்குத் திரும்பினால் நாணல் வேலி சூழ்ந்த போமாவில் நெருப்பு, லாந்தர், இரவு உணவு. பல லாட்ஜுகளைச் சுற்றிப் பூனையைத் தடுக்கும் வேலி கிடையாது என்பதால் அறைக்குப் போக ஒருவர் டார்ச்சோடு துணை வருவார்.

விருந்தினர்கள் தூங்கப்போனபிறகு ரேஞ்சர்கள் தங்கள் பதிவேட்டை விரிப்பார்கள்: எந்தச் சிறுத்தை, எங்கே, யாரோடு, வயிறு நிறைந்திருந்ததா, குட்டிகள் எத்தனை. புள்ளி சந்தேகமாக இருந்தால் விருந்தினரின் படங்களைக் கேட்பார்கள். ஆகவே உங்களிடம் பெரிய லென்ஸ் இருந்தால், சூரியாஸ்தமனத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள். சிறுத்தை முகத்தைத் திருப்பும்போது இரண்டு கன்னத்தையும் எடுங்கள், மீசை தெளிவாக விழும்படி. வண்டியில் முதல் வரிசையில் இடப்பக்க ஓரத்தைக் கேட்டு வாங்குங்கள், டிராக்கர் விரல் காட்டுகிற திசை அங்கிருந்துதான் நேராகத் தெரியும். கிளம்பும்போது அன்பளிப்பு உறையை அவருக்குத் தனியாக, கையிலேயே கொடுங்கள்.