தண்டவாளம் ஒன்று, ரயில்கள் பல

இரண்டு பஸ் கம்பெனிகள் ஒரே சாலையில் போட்டி போடலாம். ரயிலுக்கு அது எளிதல்ல. ஓடும் பாதைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாதை போடுவது எந்தப் புது நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பிய நாடுகளில் தண்டவாளம், இன்ஜின், நிலையம், பயணச்சீட்டு எல்லாமே ஒரே அரசு நிறுவனத்தின் கையில் இருந்தன. பிரான்சில் எஸ்.என்.சி.எஃப்., ஸ்பெயினில் ரென்ஃபே.

இந்த முடிச்சை அவிழ்க்க 1991-ல் ஐரோப்பியச் சமூகம் ஒரு பொதுச் சட்டம் கொண்டுவந்தது. பாதையின் கணக்கு வேறு, ரயில் ஓட்டும் கணக்கு வேறு என்று பிரித்து எழுதச் சொன்னது. ஆரம்பத்தில் கேட்டது ஏறக்குறைய அவ்வளவுதான். ஸ்வீடன் அதற்கு முன்பே, 1988-ல், இரண்டையும் தனித்தனி அமைப்புகளாக்கிவிட்டது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் திறந்தன: 2007-ல் சரக்கு ரயில், 2010-ல் நாடு கடக்கும் பயணிகள் ரயில், 2020 டிசம்பர் கால அட்டவணையிலிருந்து உள்நாட்டுப் பயணிகள் ரயில். முப்பது ஆண்டுகள் ஆயின. தன் ரயில்வேயை விட்டுக்கொடுக்கப் பெரும்பாலான அரசுகளுக்கு மனம் வரவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பாதையைப் பராமரிக்கும் அமைப்பு விற்பது நேரத்தை. காலை இத்தனை மணிக்குப் புறப்பட்டு இந்த வேகத்தில் போகலாம் என்ற அனுமதிக்கு ரயில் நிறுவனம் கட்டணம் கட்டும். கூட்டம் அலைமோதும் காலை நேரத்தை யாருக்குக் கொடுப்பது? அதை முடிவு செய்பவர் பழைய அரசு நிறுவனத்தின் சொந்தக்காரராக இருந்தால் புதியவருக்கு நள்ளிரவுதான் மிஞ்சும். அதனால்தான் நாட்டுக்கு ஒரு சுயேச்சையான ஒழுங்காணையம் வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துகிறது. ஜெர்மனியோ பாதையையும் ரயிலையும் ஒரே தாய் நிறுவனத்தின் கீழேயே வைத்துக்கொண்டது. ஐரோப்பிய ஆணையம் வழக்குப் போட்டது. 2013-ல் தீர்ப்பு ஜெர்மனிக்குச் சாதகமாக வந்தது.

நன்றாக நடந்த இடம் ஸ்பெயின். அங்கே 2005-லேயே பாதை அடிஃப் என்ற தனி அமைப்பிடம் போய்விட்டது. 2019-ல் அது அதிவேகப் பாதைகளின் நேரத்தை மூன்று பொட்டலங்களாகக் கட்டி மூன்று நிறுவனங்களுக்கு ஒதுக்கியது. 2021 மே மாதம் மாட்ரிட்–பார்சலோனா பாதையில் ஊய்கோ வந்தது. அடுத்த மாதமே ரென்ஃபே தன் மலிவு ரயிலான அவ்லோவை இறக்கியது. 2022 நவம்பரில் இர்யோவும் சேர்ந்தது. கட்டணம் இறங்கியது, கூட்டம் ஏறியது. வேடிக்கை என்னவென்றால், ஊய்கோ பிரான்ஸ் அரசு ரயில்வேயின் பிள்ளை. இர்யோவில் இத்தாலிய அரசு ரயில்வேக்குப் பங்கு உண்டு. தனியாருக்குத் திறந்ததாகச் சொல்லப்பட்ட வாசலில் முதலில் நுழைந்தது வெளிநாட்டு அரசாங்கங்கள்!

ஊய்கோ வந்ததற்கு இன்னொரு வசதியும் இருந்தது. ஸ்பெயினின் பழைய பாதை 1,668 மி.மீ. அகலம், அதிவேகப் பாதையோ பிரான்சில் உள்ளதைப் போல 1,435. எல்லா இடத்திலும் இப்படி வாய்ப்பதில்லை. ஜெர்மனியின் மின்சாரம் வேறு, பிரான்சின் மின்சாரம் வேறு. சிக்னல் முறைகளும் நாட்டுக்கு நாடு மாறும். பல நாடுகளில் ஓடும் ரயில் பெட்டிக்கு 2019 முதல் ஐரோப்பிய ரயில் முகமையே ஒரே அனுமதி தருகிறது. ஓட்டுநருக்கு அந்தந்த நாட்டு மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி மட்டும் அப்படியே நிற்கிறது. 2017 ஆகஸ்டில் ஜெர்மனியின் ராஷ்டாட்டில் சுரங்கப்பாதை வேலையால் தண்டவாளம் தாழ்ந்து, ரைன் பள்ளத்தாக்குப் பாதை ஏழு வாரம் அடைபட்டது. பக்கத்திலேயே பிரான்ஸ் பாதை இருந்தது. பிரெஞ்சு தெரிந்த ஓட்டுநர்கள் போதவில்லை; சரக்கு தேங்கிக் கிடந்தது.

லாபமில்லாத கிளைப் பாதைக்குப் போட்டிபோட யாரும் வரமாட்டார்கள். அங்கே அரசு மானியம் கொடுத்து ஒருவரை ஓட்டச் சொல்லும்; அந்த ஒப்பந்தத்தை டெண்டர் மூலமே தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் கடைசி முதல் பொது விதி. கெடு நெருங்கிய அதே டிசம்பரில் நெதர்லாந்து தன் முக்கிய ரயில் வலையமைப்பை டெண்டர் இல்லாமல் தன் சொந்த நிறுவனமான என்.எஸ்.ஸுக்கே கொடுத்தது, 2025 முதல் 2033 வரை.