திக்... திக்... பத்து நிமிடம்!

காலை மணி 10. தேர்வு அறை. கேள்வித்தாள் கைக்கு வந்துவிட்டது. முதல் கேள்வி... பார்த்த மாதிரியே இல்லை. இரண்டாவது... அதுவும்! நெஞ்சு ‘டப் டப்’ என்று அடிக்கிறது. உள்ளங்கையில் ஈரம். வாய் வறண்டு போகிறது. வயிற்றுக்குள் யாரோ மத்தை விட்டுத் தயிர் கடைகிறார்கள். நேற்று ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்த பதில் எங்கே போனது?

சுட்டிகளே, உங்களில் நிறையப் பேருக்கு இது நடந்திருக்கும். பொதுத்தேர்வில்தான் என்றில்லை, மூன்றாம் வகுப்பில், ‘எழுந்து பாடத்தை வாசி’ என்று டீச்சர் சொன்னாலும் இதே கதைதான். (இதை எழுதுபவருக்கு இன்றும் மேடை ஏறினால் முழங்கால் நடுங்கும். அதை விடுங்கள்!)

பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பிள்ளைகளுக்கு இதில் கொஞ்சம் கூடுதல் பாரம். காரணம், அவர்களுடைய அண்ணன்களும் அக்காக்களும் செய்துவைத்த வேலை! 2023-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் பெரம்பலூர், 97.67 சதவீதம். 2024-இல் அதே முதலிடம் அரியலூருக்கு, 97.31 சதவீதம். 2025 பிளஸ் 2 தேர்விலும் அரியலூர்தான் முதலில், 98.82 சதவீதம். பெருமைதான், கைதட்டலாம். ஆனால், ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று பள்ளி வாசலில் பேனர் கட்டினால், உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன தோன்றும்? ‘அந்த நூறைக் கெடுக்கிற ஆள் நானாகிவிடக் கூடாதே’ என்றுதான்!

அரியலூர்ப் பக்கத்துச் சுட்டிகளுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் தெரிந்திருக்கும். அங்குள்ள சிமென்ட் ஆலைகளுக்குக் கல் அங்கிருந்துதான் போகிறது. பாறைக்கு வெடி வைக்கும் முன் சைரன் ஊதும். உடனே எல்லோரும் விலகிப் போய்விடுவார்கள். நம் உடம்புக்குள்ளும் அப்படி ஒரு சைரன் இருக்கிறது. மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவத்தில் இருக்கும் அதன் பெயர் அமிக்டலா. ‘ஆபத்து’ என்று அதற்குத் தோன்றினால் போதும், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குத் தகவல் பறக்கும். அட்ரினலின் ரத்தத்தில் கலக்கும். ஓடவோ சண்டை போடவோ தசைகளுக்கு ரத்தம் வேண்டுமே, அதனால் இதயம் வேகமெடுக்கும்.

அந்த நேரத்தில் சாப்பிட்ட இட்லி செரிப்பதா முக்கியம்? வயிறு தன் வேலையை நிறுத்திவிடும். வால்டர் கேனன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பூனைகளின் வயிற்றை எக்ஸ்-ரே மூலம் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டால் வயிற்றின் அசைவு சட்டென நின்றுபோவதைக் கவனித்தார். பயம் உடம்பை என்னவெல்லாம் செய்கிறது என்று 1915-இல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார்.

நாய் துரத்தினால் இந்தச் சைரன் நல்லதுதான், ஓடித் தப்பிக்கலாம். கேள்வித்தாள் துரத்தினால் எங்கே ஓடுவது? உட்கார்ந்த இடத்திலேயே அத்தனை வேகத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. மூளையும் ஆபத்தைத் தேடுவதிலேயே குறியாக இருப்பதால், படித்த பதில் உடனே கைக்குச் சிக்குவதில்லை. பதில் அழிந்துவிடவில்லை. உள்ளேதான் இருக்கிறது.

சரி, இந்தச் சைரனை அழுத்துவது யார்? தொல்காப்பியத்தில் இதற்கு ஒரு பட்டியலே உண்டு! மனதில் தோன்றுவது உடம்பில் தெரிவதற்கு ‘மெய்ப்பாடு’ என்று பெயர். எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று அச்சம். அது வரக் காரணங்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு என்றால் வருத்தும் தெய்வம், பேய் போன்றவை. இறை என்றால் அரசனைப் போலத் தண்டிக்கும் அதிகாரம் உள்ளவர். தேர்வு அறைக்குள் பறக்கும் படை நுழையும்போது பாருங்கள், பிட்டே அடிக்காத பிள்ளைக்கும் பேனா நழுவும். அதுதான் இறை!

உங்கள் பட்டியல் வேறாக இருக்கலாம். ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எப்போது படபடப்பு வந்தது? பக்கத்தில் யார் இருந்தார்கள்? காலையில் சாப்பிட்டோமா? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினோம்? தூக்கம் கெட்டாலும் வெறும் வயிறாக இருந்தாலும் சைரன் சுலபமாக ஊதிவிடும். நான்கைந்து தடவை எழுதினால் ஆச்சரியம் காத்திருக்கும். தேர்வுக்குப் பயம் என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் பயம், ‘பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?’ என்று மாமா கேட்கப்போகும் கேள்விக்காக இருக்கும். எப்போதோ கணக்கு வகுப்பில் எல்லோர் முன்னும் திட்டு வாங்கியிருந்தால், அந்த வகுப்பு மணி அடித்தாலே போதும், மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும்.

சைரன் நாள் முழுக்க ஊதாது. பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். நம் பொதுத்தேர்வில் 10 மணி முதல் 10.10 வரை கேள்வித்தாளை வாசிக்க மட்டுமே நேரம். எழுதவே கூடாது. எவ்வளவு வசதி! பாதங்களைத் தரையில் நன்றாக ஊன்றுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்தாறு தடவை. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகும். மணிக்கட்டில் விரல் வைத்து இப்போதே சோதித்துப் பார்க்கலாம். பிறகு, நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு கேள்வியைத் தேடுங்கள். ஒரு மார்க் கேள்வியானாலும் சரி. அதிலிருந்து பிடித்துக்கொண்டு போனால், ஒளிந்திருந்த மற்ற பதில்களும் எட்டிப் பார்க்கும். தேர்வு நாளில் முதல் தடவையாகச் செய்யாமல், வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

அடிக்கடி வருகிறதா? பள்ளிக்கூடம் போகவே பிடிக்காத அளவுக்கு வருகிறதா? ஒளித்து வைக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ சேவை இருக்கிறது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

அதற்கும் முன்னால் அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லுங்கள். ‘வயிறு வலிக்குது’ என்று மட்டும் சொன்னால் ஓமத் தண்ணீர்தான் கிடைக்கும். ‘கணக்கு டெஸ்ட் இருக்கிற அன்னைக்கு மட்டும் வலிக்குதும்மா’ என்று சொல்லிப் பாருங்கள்.